பம்மல் வம்சம்

மூஞ்சூறு பிடிக்கக் கருவாட்டைவிட நல்ல இரை கிடையாது, சார். பம்மலில் மூடிக்கிடக்கும் தோல் தொழிற்சாலை, வண்டலூரில் காட்டோர வீடுகள் என்று நானும் என்னோடு ஆய்வகத்தில் வேலை பார்த்த காலேபும் சேர்ந்துதான் கூண்டு வைத்தோம். பிள்ளையார் வாகனம், கொன்றுவிடாதீர்கள் என்பார்கள் வீட்டுக்காரர்கள். கொல்ல மாட்டோம். வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க எச்சிலைப் பஞ்சில் தொட்டுக்கொண்டு விட்டுவிடுவோம்.

தாம்பரத்து ஆய்வகத்தில் அந்த வைரஸ்களை வம்சம் பிரித்தவள் நான். ஒரே ஜாதி மூஞ்சூறுதான், ஆனாலும் பம்மல் வைரஸும் வண்டலூர் வைரஸும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. பம்மல் வம்சம் மனித செல்லில் வளர்கிறது என்று கண்டதும் நான்தான். காலேபிடம்தான் முதலில் சொன்னேன். என் மகளுக்கு ஞானத்தகப்பன் அவன், வேறு யாரிடம் சொல்வேன்?

அதைப் பற்றிக் காலேப் எழுதிய கட்டுரை வெளிவந்தபோது என் பெயர் அதில் இல்லை. கேட்டேன். "அடுத்த பேப்பர்ல போட்டுக்கலாம் ஈவ்லின், இதுக்குப் போய் ஃபீல் பண்ணாத" என்றான். அந்த ஞாயிறும் ஆராதனையில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாடினான். எனக்கு வயிறு எரிந்தது, சார். அதை மறைக்கப்போவதில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சூடாக்கி வைரஸைக் கொன்ற குப்பியின் மூடியில் நான் வெள்ளை டேப் ஒட்டுவேன். டேப் இருந்தால் காலேப் முகக்கவசம்கூட இல்லாமல் மேசையிலேயே திறப்பான். நான் ஒட்டியது என்றால் அவனுக்குக் கேள்வியே கிடையாது. பம்மல் குப்பி ஒன்றைச் சூடாக்காமல் டேப் ஒட்டினேன். திறக்கச் சொல்லவில்லை. ஒட்டினேன், அவ்வளவுதான்.

அவன் திறந்தான். அவனுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று நினைத்து மருத்துவம் பார்த்தார்கள். நான் கஞ்சி கொண்டுபோனேன். டாக்டர் பக்கத்தில் நிற்கும்போதே காலேப் மூச்சிரைக்க என் கையைப் பிடித்தான்.

"அந்தப் பம்மல் ட்யூப்... கில் பண்ணிட்டதானே?"

"பண்ணிட்டேன்டா."

அவன் முகம் தெளிந்தது. ஆய்வகத்தைப் பற்றி டாக்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வேறு மருத்துவம் பார்த்திருப்பார். அந்த வாரமே போய்விட்டான்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள். சாகப்போகிறவனுக்குப் பயம் காட்டக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன்.