ஒரே ஒரு ஆள் வந்த கூட்டம்

...நாப்பது கதிரை! வாடகைக்கு எடுத்துப் போட்டிருக்கு, பாருங்கோ. வந்தது ஆர்? நீங்கள் ஒருத்தர்! பதுளை ரவுணிலை குறையே இல்லாத சனம் போலை. வாங்கி வைச்ச ரோல்ஸ் முழுக்க வாச்சர் மர்ஸூக்கின்ரை வயித்துக்கைதான் போகப்போகுது. இருங்கோ, இருங்கோ, நனைஞ்சால் என்ன, பிளாஸ்ரிக் கதிரைதானே. பேர் என்ன சொன்னனீங்கள்... அழகையா. நல்லது. நான் யோகம்மா ரீச்சர், மாநகர சபையின்ரை ஆலோசனைக் குழு.

என்ன, மலைச்சரிவைத் தாங்கிற மதிலோ? பொறுங்கோ, அது கடைசியிலை. "வேறு விடயங்கள்" எண்டு ஒரு இடம் வைச்சிருக்கிறம். முதல்லை இந்தக் குழு என்னத்துக்கு எண்டு உங்களுக்கு விளங்கவேணும். இவ்வளவு காலமும் நாங்கள் சபைக்கு ஆலோசனை சொல்லுவம், அவை தேத்தண்ணி தருவினம். அவ்வளவுதான். நான்தான் எழும்பி நிண்டு, "சனத்தின்ரை வாயைக் கேளாமல் என்ன ஆலோசனை?" எண்டு கேட்டனான். "அப்ப இனிச் சனத்தோடை கதைக்கிறதும் உங்கடை குழுதான், ரீச்சர்" எண்டு தலையிலை கட்டிப்போட்டினம்.

ஓட்டோவிலை லவுட்ஸ்பீக்கர் கட்டி, ரெண்டு பாஷையிலையும் அறிவிச்சது. லொத்தர் சீட்டு விக்கிறவன் எண்டு நினைச்சுச் சனம் ஓடிவந்து டிக்கெட் கேட்டினமாம்! பரிசில்லை, கூட்டம்தான் எண்டதும் கதவைச் சாத்திப்போட்டினமாம்.

கையாலை என்ன காட்டுறியள்? மதில் வயித்துப்பிள்ளைக்காரி மாதிரித் தள்ளிக்கொண்டு நிக்குதோ? கல்லிடுக்காலை சேத்துத் தண்ணியும் வருதோ... ம்ம். மழைக்காலமெண்டால் வரும்தானே. சொல்லலாம், சொல்லலாம். ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்கெல்லே.

போன மாசக் கூட்டத்துக்குப் பெரியாயி எண்டு ஒரு மனிசி, வந்த உடனை "பைப்புல தண்ணி வரலீங்க" எண்டு தொடங்கினா. நான் ஆறுதலா இருத்தி, குழுவின்ரை நோக்கம், வரலாறு எல்லாம் விளங்கப்படுத்தினன். முடியப் பொழுதுபட்டுட்டுது. இண்டைக்கு அவ வந்தவவோ? இல்லை! நன்றியில்லாத சனம்.

ஏன் எழும்புறியள்? மழை கூடுதெண்டோ? என்ன... அந்த மதிலுக்குக் கீழையோ உங்கடை வீடு? மகள் கைக்குழந்தையோடை தனிய நிக்கிறாவோ? ஐயோ, அதை முதலே சொல்லுறதுக்கென்ன! நில்லுங்கோ, இப்பவே ஆக்களை அனுப்பச் சொல்லுறன்... அழகையா! அழகையா!

மர்ஸூக், ஓடிப்போய் அந்தாளைப் பிடி! றோட்டிலை காணேல்லையோ? வீடு எந்தப் பக்கமெண்டோ... எனக்கெப்பிடித் தெரியும்? அந்த மனிசன் ஒண்டும் சொல்லேல்லையே!