அது அரைகல்தான்

வரகு அடைக்கு எண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே விட வேண்டும், மேடம். கஞ்சத்தனம் செய்தால் தோசைக்கல்லில் ஒட்டிக்கொள்ளும், சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். நேற்று நான் நல்லெண்ணெய் விட்டேன். முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், கொஞ்சம் சோம்பு. பிரேம்குமார் சார் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உங்கள் ஏட்டு என்னைப் பார்க்கிற பார்வையில், வாயில் வைக்க முடியாத எதையோ நான் கொடுத்துவிட்ட மாதிரி இருக்கிறது. அதனால்தான் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். நிதானமாகத்தான் இருக்கிறேன். நடுவில் சிரித்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேற்றிலிருந்தே மனசு பஞ்சு மாதிரி மிதக்கிறது. ஜீப்பில் வரும்போதுகூட, மூலக்குளம் சாலையில் இருக்கிற அத்தனை பள்ளமும் ஊஞ்சலாட்டமாகத்தான் தெரிந்தது.

என் பெயர் சுமலதா. பிறந்தது முதலியார்பேட்டை, வாழ்க்கைப்பட்டது மூலக்குளம். ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறேன். வீட்டுக்காரர் அருள்முருகன் டூவீலர் ஷோரூமில் வேலை பார்க்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வீடு கட்டினோம். மாடியில் கைப்பிடிச் சுவர் இன்னும் முழங்கால் உயரத்துக்குத்தான் நிற்கிறது. பின்பக்கம் செப்டிக் டேங்குக்குப் பள்ளம் தோண்டியபோதுதான் அந்தக் கல் கிடைத்தது.

நீங்கள் அதைப் பார்த்தீர்களா? இல்லையென்றால் அவசியம் பாருங்கள். கை நீளக் கருங்கல். குதிரைச் சேணம் மாதிரி இரண்டு முனையும் தூக்கி, நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழிவு தானாக வந்ததில்லை. தேய்ந்து தேய்ந்து வந்தது. கூடவே ஒரு சின்னக் கல், நம்ம ஊர் பேக்கரி நீள ரொட்டியைப் பாதியாக வெட்டிய மாதிரி. அதை இரண்டு கையாலும் பிடித்து, மண்டிபோட்டு, முன்னும் பின்னும் தள்ளினால் தானியம் மாவாகும். அம்மி, திரிகை எல்லாம் வருவதற்கு எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் மனுஷர்கள் அப்படித்தான் அரைத்தார்கள். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் படம் இருக்கிறது. நான் பள்ளத்திலேயே மண்டிபோட்டு அந்தச் சின்னக் கல்லைப் பிடித்தேன். என் உள்ளங்கைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. எவளோ ஒருத்தி என் கையைப் பிடித்துக் குலுக்கிய மாதிரி இருந்தது, மேடம். வாய்விட்டுச் சிரித்தேன். மண் வெட்டியவர்கள் பயந்துபோய்விட்டார்கள்.

அன்றைக்கே கழுவினேன். சோப்புத்தூள் போட்டு, தேங்காய் நார் போட்டு, குழிவில் படிந்திருந்த கறுப்பு போகாததால் பாத்ரூம் ஆசிட்டும் கொஞ்சம் ஊற்றினேன். பளபளவென்று ஆகிவிட்டது.

பிரேம்குமார் சார் பாரிஸில் தொல்லியல் படித்து, அங்கேயே பாடமும் நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். மேடம் என்பதைக்கூட பிரெஞ்சுக்காரர் மாதிரி மதாம் என்றுதான் சொல்வார். கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் அவ்வப்போது பேசுவார். பழைய பொருள் ஏதாவது கிடைத்தால் யார் வேண்டுமானாலும் கொண்டுபோய்க் காட்டலாம். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, கல்லை ஆட்டோவில் என் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகில் கொண்டுபோய் மோந்தும் பார்த்தார்.

"என்ன மதாம், சோப்பு வாசன வருது?"

"கழுவினேன் சார்."

"ஆசிட்டும் ஊத்தினீங்களா?"

"கொஞ்சமா சார்."

அவர் கல்லை மேசையில் வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து விளக்கினார். இப்படிப்பட்ட கல்லின் குழிவில் பழைய தானியத்தின் மாவுத்துகள் ஒட்டியிருக்குமாம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தினையா, வரகா என்றுகூடச் சொல்லிவிடலாமாம். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்றும் தெரிய வேண்டுமாம். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எல்லாத்தயும் நீங்களே தொவச்சிட்டீங்க மதாம். இனிமே இது தொவைக்கிற கல்லுதான்" என்றார்.

மண்டபமே சிரித்தது. எங்கள் தெருக்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். அவருடைய ஆராய்ச்சி மாணவி கவிநிலா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். நல்ல பெண். அவளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

கவனியுங்கள் மேடம், அவர் அதை அரைகல் இல்லை என்று சொல்லவில்லை. நிரூபிக்க வழியில்லை என்றுதான் சொன்னார். ஆனால் தெருவுக்கு வந்து சேர்ந்தது துவைக்கிற கல் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு லாண்டரி டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்காரர் ஒருபடி மேலே போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், கல்லைக் குழாயடியில் போட்டு லுங்கி துவைத்துக்கொண்டிருக்கிறார்.

"சும்மாதான கெடக்குது" என்றார்.

நான் கோபப்படவில்லை. சோப்பு நுரையை அலசிவிட்டு, கல்லைச் சமையலறைக்கு எடுத்துவந்தேன். அரைத்துக் காட்டினால் அது அரைகல். இதில் மைக்ராஸ்கோப்புக்கு என்ன வேலை? தவளக்குப்பம் சந்தையில் கிருஷ்ணசாமி என்கிற விவசாயியிடம் வரகு வாங்கினேன். மண்டிபோட்டு அரைத்தேன். முதலில் முட்டி வலித்தது. பிறகு தோளும் இடுப்பும் சேர்ந்து ஒரு தாளம் பிடித்தது பாருங்கள், நிறுத்தவே மனசு வரவில்லை. மாவு வெண்ணெய் மாதிரி விழுந்தது. அந்த மாவில் வீட்டுக்காரருக்கு அடை சுட்டேன். எனக்கு அன்று விரதம்.

கொஞ்ச நேரத்தில் அவர் சிரிக்க ஆரம்பித்தார். "சுமா, வூடு ராட்டினம் மாதிரி சுத்துது. புடிச்சிக்கோ" என்று வாஷிங் மெஷினைக் கட்டிக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட அவர் என்னை சுமா என்று கூப்பிட்டதில்லை. எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. விளையாட்டாகக் கேட்டேன்.

"இது இன்னா கல்லு?"

"அரைகல்லு."

"தொவைக்கிற கல்லு இல்லயே?"

"எவன் சொன்னான்? அரைகல்லுதான்."

அதற்கப்புறம் வாந்தி எடுத்தார். கை கால் நடுங்கியது. மறுநாள் சாயங்காலம்தான் எழுந்து நடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கலாம். ஆனால் கேட்கக் கேட்க அவர் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்திலிருந்து எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. இப்போது நலமாக இருக்கிறார். லுங்கியை மெஷினில் போடுகிறார்.

கிருஷ்ணசாமியிடம் போய்ச் சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, அது கிறுக்கு வரகு டீச்சர். கதிர் முத்தறப்ப மழ புடிச்சிச்சு, பூசணம் பூத்துடுச்சு. தனியா ஒதுக்கி வெச்ச மூட்ட. பையன் தெரியாம அள்ளிக் குடுத்துட்டான். தின்னா தல கிர்ருனு சுத்தும். மாட்டுக்குக்கூட ஆவாது. கொட்டிடுங்க."

கீழே கொட்டினால் ஆடு மாடு தின்றுவிடாதா? அதனால் அவர் ஒதுக்கி வைத்திருந்த மூட்டையையும் நானே எடுத்துக்கொண்டேன். நல்ல வரகும் கொஞ்சம் வாங்கினேன். யாருக்கும் கெடுதல் வந்துவிடக் கூடாது என்பதில் எனக்கு எப்போதுமே கவனம் அதிகம்.

பிரேம்குமார் சாருக்குப் போன் செய்தேன். "அந்தக் கல்லுலயே அரைச்சு அடை சுடறேன் சார், வாங்க" என்றேன். சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். வெயில் தாழ, கவிநிலாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு பூங்கொத்து. வாசலிலேயே நின்று, "அன்னிக்கி நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது மதாம். பர்தோன். மன்னிச்சிக்குங்க" என்றார். பெரிய மனுஷர்தான், இல்லையா? உள்ளே வந்து கல்லை மறுபடி பார்த்தார். இந்தத் தடவை தரையில் உட்கார்ந்து, குழிவில் விரலை ஓட்டி ஓட்டிப் பார்த்தார்.

"அரைகல்லா இருக்கலாம் மதாம். நெறையவே வாய்ப்பு இருக்கு."

"இருக்கலாமா சார்?"

"இருக்கலாம். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது. சொன்னா அது பொய்யாயிடும்."

நான் சமையலறைக்குள் போனேன். இரண்டு கிண்ணத்தில் மாவு இருந்தது. ஒன்று நல்ல வரகு. இன்னொன்று அது. அவர் மட்டும் "அரைகல்தான்" என்று சொல்லியிருந்தால் நல்ல மாவைத்தான் எடுத்திருப்பேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். அவர் இருக்கலாம் என்றார். அந்த ஒரு சொல்லோடு மறுநாள் பள்ளிக்கூடத்துக்குள் எப்படி நுழைவது? நீங்களே சொல்லுங்கள், சந்திரகலா மேடம். உங்கள் பெயர்ப்பலகையில் இன்ஸ்பெக்டராக இருக்கலாம் என்று எழுதினால் ஒத்துக்கொள்வீர்களா?

மொட்டை மாடியில் பாய் விரித்துப் பரிமாறினேன். நல்ல காற்று. கவிநிலாவுக்கும் அதே அடைதான். அவளுக்கென்று தனியாகச் சுட்டால் சந்தேகம் வரும். அதோடு வீட்டுக்கு வந்த பெண்ணை வேறு மாதிரி நடத்துவதும் மரியாதையில்லை. அவள் வெல்லம் தொட்டுச் சாப்பிட்டாள். "ஆன்ட்டி, செம டேஸ்ட்" என்றாள்.

அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு கொண்டாட்டம். முதலில் கவிநிலா கெக்கேபிக்கே என்று சிரித்தாள். தண்ணீர்த் தொட்டிக்குக் கால் முளைத்து நடக்கிறது என்றாள். பிரேம்குமார் சார் எழுந்து, பிரெஞ்சில் ஏதோ பாடிக்கொண்டே என்னையும் ஆட வரச் சொன்னார். ஆடினேன். என் வாழ்க்கையில் நான் ஆடியதே கிடையாது. அவர் தடுமாறும்போதெல்லாம் நான் பிடித்துக்கொண்டேன். வானம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, மேடம். ஆனாலும் எனக்கும் தலை சுற்றுகிற மாதிரிதான் இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

"சார், கீழ இருக்கே, அது இன்னா கல்லு?"

"அரைகல்லுதான் மதாம்."

"இருக்கலாமா?"

"இருக்கலாம் இல்ல. அரைகல்லு. அரைகல்லேதான்."

அதோடு விட்டிருக்கலாம்தான். ஆனால் அவர் சொன்னது எனக்கு மட்டும்தானே கேட்டது? அன்று மண்டபத்தில் சிரித்தவர்கள் கீழே அவரவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். "அவங்களுக்குக் கேக்கலயாம் சார். சொவத்து மேல ஏறி நின்னு சொல்லுங்க" என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வகுப்பு எடுக்கிற உற்சாகம் வந்துவிட்டது. கைப்பிடிச் சுவரில் ஏறினார். கால் நடுங்கியது. "கையக் குடுங்க மதாம்" என்றார். கொடுத்தேன். என் கையை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். குழந்தை பிடிக்கிற மாதிரி.

நான் தள்ளினேனா என்று நேற்றிலிருந்து எல்லாரும் கேட்கிறார்கள். தள்ளவே இல்லை. கையை மட்டும்தான் விடுவித்துக்கொண்டேன். அவர் விடவில்லை. அதனால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. எனக்குப் போன் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். ஒரு கையால் எடுத்தால் வீடியோ ஆடிப்போகும்.

அவர் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, கணீரென்று சொன்னார். வீடியோவை நீங்களே பார்த்திருப்பீர்கள். கடைசிச் சொல்லைச் சொல்லி முடித்த பிறகுதான் விழுந்தார். முகத்தில் ஒரு பயமும் இல்லை. நான் கைதட்டினேன்.

அவர் போய்விட்டாரே என்று எனக்கும் வருத்தம்தான். படித்த மனுஷர், நல்ல மனுஷர். கவிநிலாவுக்கு இன்னும் நடுக்கம் நிற்கவில்லை என்றார்கள். ஆஸ்பத்திரியில் அவளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள், இரண்டாவது சாட்சியாக இருக்கும். என்னை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன் மேடம்: மயக்கத்தில் இருக்கிறவர் சொன்ன வார்த்தை செல்லாது என்று மட்டும் கோர்ட்டில் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.