தம்பதிகளுக்கு ஒரே சீட்

— அண்ணி, கோவப்படாம ஒரு நிமிஷம் வெளிய வந்து இந்த போர்டைப் பாருங்க.

— கவுன்டரை விட்டுட்டு எங்க தம்பி வர்றது? ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எட்டுப் பேர் நிக்கிறாங்க. அதுக்கு நீ ஏன் இப்படித் தொண்டை கிழியக் கத்துற? உன் மூக்குக்கு நேராத்தான் உக்காந்திருக்கேன்.

— நான் என்ன பண்ணட்டும்? ஏணி மேல நின்னு விளக்கு மாட்டி மாட்டி, கீழ இருக்கிறவனுக்குக் கேக்கணும்னு கத்தியே பழகிப்போச்சு. கொழுந்தன்னு பேரு, ஆனா ஒலிபெருக்கின்னு நீங்களே சொல்லுவீங்க.

— நம்ம நாடகப் போர்டுல என்னவாம்?

— "கோடைச் சலுகை! தம்பதிகளுக்கு ஒரே சீட்!"

— சீட்டு.

— சீட், அண்ணி. கடைசியில 'டு' இல்ல. பிரஸ்காரன் முழுங்கிட்டான். நோட்டீஸும் இப்படியேதான் அடிச்சிருக்கான். கடற்கரை முழுக்க ஒட்டியாச்சு.

— அடக் கடவுளே, அதான் சங்கதியா! காலையிலேருந்து வர்றவங்க எல்லாம் ஒரு தினுசாச் சிரிச்சுக்கிட்டே வர்றாங்க. இப்பத்தான் ஒருத்தர் வந்தாரு, நல்ல வாட்டசாட்டம், சம்சாரமும் அவருக்குச் சளைச்சவங்க இல்ல. "ஏம்மா, உங்க நாற்காலி இரும்பா, மரமா?"ன்னு கேட்டாரு. நான் சும்மா கேக்குறாருன்னு "மரந்தாங்க"ன்னேன். "அப்ப வேணாம், தாங்காது"ன்னு போயிட்டாரு.

— இங்க புதுசாக் கல்யாணமான ஜோடி ஒண்ணு நிக்குது. "ஒரு சீட்டு வாங்கினா ரெண்டு சீட் உண்டுங்க, தாராளமாத் தனித்தனியா உக்காரலாம்"னு சொன்னேன். "அதெல்லாம் எங்களுக்கு ஒண்ணே போதும்"னு அந்தப் பையன் அடம்பிடிக்கிறான்.

— இளிக்காத! டிக்கெட்டுன்னு எழுதியிருந்தா இந்த வம்பே இல்ல. "நல்ல தமிழ்ல சீட்டுன்னு போடணும்"னு ஒத்தக் கால்ல நின்னது யாரு? உங்கண்ணன். எழுத்துப் பிழை பாத்தது யாரு?

— அதுவும் அவருதான். பிரஸ்ஸுக்குப் போய்க் கேட்டுட்டுத்தான் வர்றேன். "இடம் பத்தல, கடைசி எழுத்தை எடுத்துடட்டுமா?"ன்னு போன்ல கேட்டானாம். அண்ணன் "சரி சரி"ன்னாராம்.

— சொல்லுவாரு. ஊருக்கெல்லாம் சரி சரி. கட்டினவ கேட்டா மட்டும் வாய்க்குப் பூட்டு.

— நாப்பது நாளாச்சு அண்ணி, இன்னுமா ரெண்டு பேரும் பேசிக்கல?

— நாப்பத்தொண்ணு.

— ரொம்ப அழகு. ஊருல இருக்கிற புருஷன் பொண்டாட்டி எல்லாம் ஜோடியா வாங்கன்னு சலுகை. அதை விக்கிறவங்க ஆளுக்கொரு மூலை. இந்தச் சலுகையே உங்க யோசனைதானே?

— யோசனை சொன்னப்பப் பேசிக்கிட்டுத்தான் இருந்தோம். ஏய், காலை எடு, பெட்டியை உதைக்காத.

— என்ன பெட்டி இது?

— என்னோடதுதான். ஆறே கால் பஸ்ஸுக்கு எங்க அக்கா ஊருக்குப் போறேன்.

— அண்ணி!

— அதோ, கத்துறியே. எட்டுப் பேருக்கும் கேட்டாச்சு. சீசன் தொறக்கிற நாள் வரைக்கும் உக்காந்து டிக்கெட் கிழிச்சுக் கொடுத்துட்டேன். எண்பது நாற்காலியில முக்கால்வாசி நிறைஞ்சாச்சு. இனி நான் எதுக்கு? முதல் மணி அடிச்சதும் சாவியை உன் கையில கொடுத்துட்டுக் கிளம்புறேன்.

— அப்படி என்னதான் ஆச்சு? இன்னிக்காவது வாயைத் திறந்து சொல்லுங்களேன்.

— புது நாடகத்துக்கு வேஷம் பிரிக்கிற அன்னிக்கு அந்த மனுஷன் கண்ணாடி முன்னாடி உக்காந்து மீசை ஒட்டிப் பாத்துக்கிட்டிருந்தாரு. பக்கத்துல போய் நின்னேன். மானத்தை விட்டுக் கேட்டேன் தம்பி. "போன வருஷம் ரெண்டு இடத்துல தடுமாறிட்டேன். வயசும் ஆகுது. மேடையில உங்களுக்கு ஜோடியா இனியும் நான் வேணுமா, வேண்டாமா?"ன்னு.

— அதுக்கு என்ன சொன்னாரு?

— இந்தப் பக்கத்து மீசையை ஒட்டினாரு. அந்தப் பக்கத்து மீசையை ஒட்டினாரு. மூக்கை விடைச்சுப் பாத்தாரு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை இல்ல. வேண்டாம்னாவது சொல்லியிருக்கலாம்ல? நின்னது நின்னபடி நின்னேன். அப்புறம் வந்து இந்தக் கவுன்டர்ல உக்காந்தவதான். மறுவாரம் எனக்குப் பதிலா ஒரு காலேஜ் பொண்ணு ஒத்திகைக்கு வந்து நிக்குது. இருபத்திரண்டு கோடை அவரு பக்கத்துல நின்னிருக்கேன். நாய்க்குக்கூட "ச்சூ, போ"ன்னு ஒரு பதில் உண்டு.

— அந்தப் பொண்ணு விஷயமாத்தான் உங்ககிட்ட வந்தேன். அது போயிடுச்சு அண்ணி.

— எங்க போச்சு?

— வீட்டுக்கு. கடைசி ஒத்திகையில பாதியிலேயே அழுதுக்கிட்டு, மேக்கப்பைத் துடைச்சுப் போட்டுட்டுப் போயிடுச்சு. "நான் வசனம் சொன்னா சார் பதில் வசனம் சொல்லாம என் வாயையே முறைச்சுப் பாக்குறாரு. லாயக்கில்லன்னா நேராச் சொல்லட்டும், இப்படிக் கேவலப்படுத்த வேணாம்"னு சொல்லுச்சு.

— திமிரு. தலை நரைக்க நரைக்கத் திமிரு ஏறுது. யாரு பேச்சையும் காதுலயே போட்டுக்கிறதில்ல.

— திமிரோ என்னமோ, ஆறரைக்குத் திரை தூக்கணும். பொண்டாட்டி வேஷத்துக்கு ஆள் இல்ல. அந்த வசனம் மொத்தமும் தெரிஞ்ச ஒரே ஆளு...

— வாயை மூடு.

— பிரதி எடுத்துக் கொடுத்ததே நீங்கதானே அண்ணி.

— தெரியும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா அவரு வாயால என்னைக் கேக்கணும். கேட்டா இந்தப் பெட்டியை இங்கேயே பிரிக்கிறேன். கேக்கலையா, பஸ்.

— டேய்! எவண்டா போர்டுல சீட்னு போட்டது? வெளிய ஒரு ஆளு "மடியில உக்கார வெச்சுக்கவா"ன்னு என்னையே கேக்குறான்!

— வாண்ணே வா. நீதான் போட்ட! பிரஸ்காரன் கேட்டதுக்கு "சரி சரி"ன்னியாம்!

— அவன் போன்ல என்னமோ முணுமுணுன்னான். இந்த அலைச் சத்தத்துல என்ன கேக்குது?

— தம்பி, உங்கண்ணன்கிட்டச் சொல்லு. கடல் இருபத்திரண்டு வருஷமா இங்கதான் இருக்கு. போன மாசம் குடி வந்ததில்ல.

— உங்க அண்ணி என்னடா சொல்றா?

— பாத்தியா தம்பி? ரெண்டடி தள்ளி உக்காந்திருக்கேன். என்ன சொல்றான்னு உன்னைக் கேக்குறாரு.

— அண்ணே! கடல் ஒண்ணும் புதுசு இல்லையாம்!

— தெரியுதுடா. அந்தப் புது ஜோடியைப் பின்வரிசையில போடச் சொல்லு உங்க அண்ணிகிட்ட. நடுவுல உக்காந்தா பின்னாடி இருக்கிறவன் மறைக்குதும்பான்.

— பின்வரிசை நிறைஞ்சாச்சுன்னு சொல்லு. கடல்ல குளிச்சிட்டு ஈரத்துணியோட வந்தா பின்வரிசை பாதி விலைன்னு இன்னொரு சலுகை போட்டாரே, அந்தப் புண்ணியம். ஊரே ஈரமாத்தான் வருது. பஸ்ல வந்து இறங்கின ஒரு ஆளு நேராக் குழாயடிக்குப் போய்த் தலையை நனைச்சிட்டு வந்து பாதி விலைக்குக் கையை நீட்டுறான்.

— அண்ணே! பின்வரிசை முழுக்க ஈரமாம்! குழாய்த் தண்ணியையும் கடல்ல சேத்தாச்சாம்!

— சிரிக்கிறாளாடா?

— உதட்டைக் கடிச்சுக்கிட்டு இருக்காங்க. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு, ரெண்டு பேரையும் ஒரே சீட்ல கட்டிப்போட்டாத்தான் என்ன? என்னைத் தபால்காரனா ஆக்கிட்டீங்க. இந்தாண்ணே, அண்ணி இதோ இருக்காங்க, நீயே கேளு. ஜன்னலாண்ட அந்த வாட்டசாட்டம் திரும்பி வந்து நாற்காலியை ஆட்டிப் பாக்கணும்னு சண்டை போடுறாரு. நான் போய்ச் சமாளிக்கிறேன்.

— போயிட்டான். இப்பவும் முதுகைத்தான் காட்டுறீங்க, இல்ல? மேசையில அப்படி என்ன தேடுறீங்களோ. முதுகைப் பாத்தே பேசிடறேன், முகத்தைப் பாத்தா எனக்கு அழுகை வந்து தொலைக்கும். ஏங்க, எனக்கு வேஷம் போனதுல வருத்தமே இல்ல. நீங்க வசனம் மறந்தப்ப நான் இட்டுக்கட்டி நிரப்பினேன், நான் தடுக்கினப்ப நீங்க கையைப் பிடிச்சீங்க, அதுதானே நம்ம பிழைப்பு? அப்படிப்பட்டவ ஒண்ணு கேட்டா, பதில் சொல்லக்கூட மதிப்பில்லாமப் போயிட்டேனா? மனசு விட்டுப்போச்சு. பெட்டி கட்டிட்டேன். அக்கா வீட்டுக்குப் போறேன். போகட்டுமா?

— ம்ம். சரி சரி.

— போகட்டுமான்னு கேக்குறேன்.

— சரி.

— நல்லா இருங்க. வர்றேன்.

— ஐயையோ, அண்ணி! பெட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க? நில்லுங்க அண்ணி! அண்ணே, உனக்குக் கல்லு நெஞ்சா? அவங்க அழுதுக்கிட்டே போறாங்க, நீ பாட்டுக்கு மேசையைத் துழாவிக்கிட்டிருக்க!

— எங்கடா போறா?

— பஸ்ஸுக்கு! போகட்டுமான்னு கேட்டதுக்கு நீ சரின்னது ஜன்னலாண்ட எனக்கே கேட்டுச்சு!

— அவ எப்போ கேட்டா?

— இப்பத்தான்! இங்கேயே உன் பக்கத்துல நின்னு!

— எந்தப் பக்கம்? டேய், எந்தப் பக்கம் நின்னு கேட்டா?

— கவுன்டர் இந்தப் பக்கந்தானே இருக்கு, உனக்கு இடது பக்கம். இப்ப அதுவாண்ணே முக்கியம்?

— ஓடுடா! ஓடிப்போய் நிறுத்து! அந்தச் சரி அதுக்கில்லன்னு சொல்லு!

— வேற எதுக்காம்?

— எதுக்கும் இல்லடா! காதுல விழாத எல்லாத்துக்கும் நான் சரின்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன்! இடது காது மொத்தமாச் செத்துப்போச்சு. வலதுல பாதி. மூணு மாசமா இந்தக் கூத்து. ரெண்டு தடவை டாக்டரைப் பாத்துட்டேன்.

— அண்ணே...

— நீ கத்துறதால உன் பேச்சு விழுது. மத்தவங்க வாயசைப்பைப் பாத்துப் பிடிச்சுக்குவேன். அந்தப் பொண்ணு வாயே திறக்காமப் பேசுது, நான் என்ன பண்ணுவேன்? பிடிபடலைன்னா சரி சரி. சரின்னு சொல்லிட்டா எவனும் திரும்பக் கேக்கமாட்டான்.

— அடப்பாவி மனுஷா! வீட்டுல சொல்றதுக்கு என்ன கேடு?

— சொன்னா? "போதும் மேடை, வீட்டுக்கு வாங்க"ம்பா. காது கேக்காத நடிகனைப் பாக்க எவன்டா சீட்டு வாங்குவான்? அதுக்குள்ள அவளே போய்க் கவுன்டர்ல உக்காந்துட்டா, என்கூடப் பேச்சையும் நிறுத்திட்டா. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. என்கூட நடிக்க அலுத்துப்போச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன். கேட்டிருப்பேன்டா. கேட்டு, அவ சொல்ற பதில் காதுல விழலைன்னா மாட்டிக்குவேனேன்னு விட்டுட்டேன்.

— திரும்பிப் பாரு.

— என்ன?

— வாசல் பக்கம் திரும்பிப் பாருண்ணே! நான் கூப்பிட்டதுக்கே நின்னுட்டாங்க! பெட்டியைக் கீழ வெச்சாச்சு!

— எவ்வளவு நேரமாடா நிக்கிறா?

— நீ ஊருக்கே கேக்குற மாதிரி "செத்துப்போச்சு"ன்னியே, அதுக்கு முன்னாடியே.

— தம்பி, நீ நகரு. நானே நேராப் பேசிக்கிறேன். ஏங்க, எந்தக் காது? இதுவா? இதுல கேக்குதா?

— கேக்குது. கத்தாம மெதுவாப் பேசு, போதும்.

— அன்னிக்கு நீங்க மீசை ஒட்டிக்கிட்டிருந்தப்ப நான் ஒண்ணு கேட்டேனே?

— என்னிக்கு? என்ன கேட்ட?

— ஐயோ ஐயோ. நாப்பத்தொரு நாளு! நாப்பத்தொரு நாளா ஒரு செவிட்டுக் காதோட நான் சண்டை போட்டுக்கிட்டிருந்திருக்கேன்!

— என்ன கேட்டேன்னு சொல்லேன்.

— அதை விடுங்க. வேஷத்துக்கு ஆள் இல்லையாமே?

— இல்ல. மத்தியானத்துலேருந்து உன்கிட்டக் கேக்கணும்னு இந்தக் கவுன்டரையே சுத்திச் சுத்தி வர்றேன். நீ மாட்டேன்னு சொல்லி, பாழாப்போற அந்த ஒரு வார்த்தை மட்டும் சுத்தமாக் காதுல விழுந்துடுச்சுன்னா?

— கேளுங்க. நீங்க கேட்டு நான் கேக்கணும்.

— வந்துடும்மா. நீ பக்கத்துல இல்லாம அந்த மேடையில எனக்குக் கையை எங்க வெச்சுக்கிறதுன்னே தெரியல.

— அண்ணி, மணி ஆறு பத்து! கண்ணைத் துடைச்சிட்டு மேக்கப் போடுங்க! முதல் மணி அடிக்கட்டுமா?

— இருடா, ஒரு சங்கடம் இருக்கு. நீ எப்பவும் எனக்கு இடது பக்கந்தானேம்மா நிப்ப? நீ பேசுறது ஒண்ணும் எனக்கு விழாதே.

— மணியை அடி தம்பி. இந்தக் கோடைக்கு நான் வலது பக்கம் நின்னுக்கிறேன்.