கஞ்சா வேலியும் கீழ் வயல் தண்ணீரும்

மண் மணக்க, மனம் மணக்க நடக்கும் இந்தப் புதுநெல் பொங்கல் விழா மேடையிலே, எனக்குப் பத்து நிமிடம் தந்துவிட்டு, நான் வாய் திறக்கும் முன்பே மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைவர், கமக்காரர் அமைப்பின் கண்ணியம் குறையாக் காவலர், வினாயகமூர்த்தி ஐயா அவர்களே! நெல்லைப் பல்லால் கடித்தே ஈரம் எவ்வளவென்று சொல்லிவிடும் வல்லவர், மண்முனைப் பாலம் கடந்து வந்திருக்கும் ஆலை முதலாளி அப்துல் கபூர் ஹாஜியார் அவர்களே! நிலபுலம் நிறைந்த போடிமார்களே, பெரியோர்களே, புக்கை பொங்கிக் கை சிவந்த தாய்மார்களே! மடை திறந்தாலும் ஏச்சு, மூடினாலும் ஏச்சு என்று உங்களிடம் வாங்கியே வளர்ந்த, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் இந்த வட்டை விதானையின் வணக்கம்!

கஞ்சா வளர்க்கச் சட்டம் இடம் கொடுத்தால் சமூகத்துக்கு நன்மையா, தீமையா? இதுதான் எனக்கு இட்ட தலைப்பு. ஏன் இட்டார்கள்? ஏற்றுமதிக்கு வளர்க்கவென்று ஒரு கம்பனி, வாய்க்கால் தொடங்கும் இடத்திலுள்ள மேல் வயலைக் குத்தகைக்குக் கேட்டிருக்கிறது. வயற்காரன் சதீசன். பயிரை மிதிக்கும் யானை ஒரு பக்கம், விலை விழுந்த நெல் மறு பக்கம். அவன் ஆசைப்பட்டதில் என்ன பிழை? ஆனாலும் வட்டை, ஒரே வாய்க்காலில் நனையும் இந்த வயல்வெளி, எல்லாருக்கும் பொது. மேல் வயலைக் கம்பனிக்கு விடுவதா என்று இன்று கை உயர்த்தி முடிவெடுக்கப் போகிறோம்.

"பொடியன்மார் புகைச்சுத் திரியிறத்துக்கா சட்டம்?" என்று முன்வரிசையில் வதனி அக்கா கேட்கிறா. கேளுங்கோக்கா, நல்லாக் கேளுங்கோ! வைத்தியர் நோய் அறிந்து, அளவு அறிந்து கொடுத்தால் அது மருந்து. சந்தியில் நின்று சுருட்டிப் பிள்ளையின் கையில் திணித்தால் அது நஞ்சு. பள்ளிக்கூட வாசலில் விற்பவனுக்கு மாலை போட நான் வரவில்லை. ஆனால், இறைச்சிக் கறிக்குள் இரண்டு இலை கிள்ளிப் போட்டு, "இண்டைக்கு என்ன ருசி!" என்று சட்டியை வழித்த வாய்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. பெயர் சொல்லட்டுமா? வேண்டாம், தலைவர் முறைக்கிறார்!

போன கிழமை சதீசனும் நானும், அவன் மாமி என்று கூப்பிடும் கேதீஸ்வரி அக்கா வீட்டுக்குப் போனோம். அவன் வயலுக்கு நேர் கீழே அவவின் வயல். கணவர் இல்லை, அந்த வயல்தான் அவவின் சோறு. மேல் வயல் நிரம்பி, வரம்பில் வெட்டிய வக்கடையால் தண்ணீர் இறங்கினால்தான் கீழ் வயல் நனையும். கம்பனி போடும் வேலியோ எலியும் நுழையாத வேலி; வரம்போடு வக்கடையையும் அடைத்துவிடும். அக்கா என்ன சொன்னா தெரியுமா?

"வைத்தியர் தந்த லேகியத்தில இந்த இலைதான் இரிக்கி. அதாலதான் மனே, இந்த முதுகு நோவோட நான் எழும்பி நடக்கிறன். அதக் கெட்டதெண்டு நான் எப்பிடிச் சொல்லுற? ஆனா நீ வேலி அடைச்சா, என்ட வயலுக்குத் தண்ணி எதால வாற?"

சதீசன் தேத்தண்ணீரை ஆறவிட்டு எழும்பி வந்தான். அதோ, ஒலிபெருக்கி கட்டிய மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

அன்பர்களே, சட்டம் என்றால் என்ன? எனக்குத் தெரிந்த சட்டம் வக்கடைதான். முழுக்க அடைத்தால் மேல் வயல் அழுகும். முழுக்கத் திறந்தால் கீழ் வயல் மூழ்கும். மண்வெட்டி பிடித்தவன், கீழே யாருடைய வயல் என்று பார்த்துத் திறக்க வேண்டும்! நோயாளிக்கு மருந்து வேண்டுமா? திறவுங்கள்! பிள்ளைகளைப் புகை சூழுமா? அடையுங்கள்! கம்பனிக்கு இடம் வேண்டுமா? குளத்துக்கு அப்பால் நெல் விளையாத மேட்டுக்காணி கிடக்கிறது; அனுமதி எடுத்து வரட்டும், நானே வழி காட்டுகிறேன். சோறு தரும் வட்டைக்குள் வேலியா? தங்கமே காய்க்கும் செடியானாலும் தாங்குமா எங்கள் வட்டை?

தாங்காது என்கிறீர்கள். அப்படியென்றால், வட்டைக்குள் வேலி வேண்டாம் என்பவர்கள் கை உயர்த்துங்கள்!

பொறுங்கள், பொறுங்கள். முதலில் உயர்ந்தது யாருடைய கை? மரத்தடிக் கை! சதீசா, நீயா? என்ன சொல்லுறாய், சத்தமாச் சொல்லு... "வக்கடைய நானே வெட்டி விடுவன் எண்டு மாமிக்கிட்டச் சொல்லுங்கோ" என்கிறான். நான் ஏன் சொல்ல? மாமி இங்கேதான் இருக்கிறா, கண்ணைத் துடைச்சுப்போட்டுச் சிரிக்கிறா. நீயே வந்து சொல்லு!

அவனுக்கு வழி விடுங்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. புக்கை ஆறுவதற்குள் வயிறும் நிறையட்டும். செவி தந்த உங்களுக்கும், மணிக்கூட்டை மறந்துபோன தலைவருக்கும் நன்றி. போயிட்டு வாறன், வணக்கம்!