சாக்பீஸில் எழுதிய கூலி

அவையை நடத்தும் பட்டாசு உற்பத்தியாளர் சங்கத் தலைவர் அய்யாதுரை அவர்களே, கந்தகத்தோடு வாழ்ந்து நரைத்த தொழில் முன்னோடிகளே, நாரணாபுரத்திலிருந்தும் ஆனைக்குட்டத்திலிருந்தும் வேனில் வந்து, நாற்காலி காலியாய்க் கிடந்தும் பின்னால் நிற்கும் தாய்மார்களே! உட்காருங்கள். நீங்கள் உட்காராமல் நான் தொடங்கமாட்டேன்.

முதலில் ஒரு திருத்தம். ‘சொர்ணலட்சுமி கூலிப் பலகையில் சாக்பீஸால் எழுதுகிறாள், நினைத்தபோது அழித்துக் குறைக்கத்தான்’ என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. சாக்பீஸ் உண்மை. காரணம் பொய்.

நம் வழக்கம் என்ன? தீபாவளி முடிந்து கம்பெனி திறக்கும் பூசையன்று, நூறு பெட்டிக்கு இவ்வளவு கூலி என்று பெயின்ட்டில் எழுதுவோம். அடுத்த பூசை வரை அந்த எழுத்தை மழையும் தொடாது, மனமும் தொடாது. அரிசி ஏறினாலும் அசையாது, எண்ணெய் ஏறினாலும் அசையாது.

1974இல் இந்த ஊருக்கு மருமகளாக வந்தேன். உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் நான்கு மடங்கு ஏறியிருந்த நேரம். நம் நாட்டில் விலைவாசி ஓராண்டில் ஏறத்தாழக் கால்பங்கு கூடியது. என் கணவர் சொன்ன சொல் மாறாதவர். பலகையையும் மாற்றவில்லை. ‘ஒரு பைசா குறைத்தேனா?’ என்று பெருமைப்பட்டார். அவர் குறைக்கவில்லை. ஆனால் குறைந்தது ஐயா, குறைந்தது! அந்தக் கூலி வாங்கிய அரிசி குறைந்தது.

அவருக்குப் பின் கம்பெனியை நடத்தும் நான், அதைக் கண்ணால் கண்டும் கற்றேனா? 2022 மே மாதம், விலைவாசியை அடக்க ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்தியது. எனக்கு பேங்க் கடிதம் வந்தது. மறுநாளே புது ஆர்டர்களுக்கு விலையை ஏற்றினேன். லேபிள் ஒட்டும் அய்யம்மாள் பலகையின் கீழே நின்று கேட்டாள்:

“பேங்க்காரக வட்டிய ஏத்துனா மறுநாளே நீங்களும் ஏத்திட்டீக. எங்க வீட்டு அரிசி ஏறுனா மட்டும் அடுத்த பூசை வரைக்கும் பொறுக்கணுமாக்கும்? எங்களுக்கு தீவாளிக்குத் தீவாளிதான் பசிக்குதாம்மா?”

கான்வென்ட்டில் கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான்; கூலிக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அய்யம்மாள். அன்று மாலையே பலகைக்குக் கறுப்படித்தேன். தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டை அரசு வெளியிடுகிறது. மூன்று மாதத்தில் அது எவ்வளவு ஏறுகிறதோ, அவ்வளவு கூலியும் ஏறும். அதற்குத்தான் சாக்பீஸ்!

யார், பின்வரிசையில் மாரிசாமியா? ‘வெல எறங்குனா கூலியவும் எறக்குவீகளா’ என்கிறீர்கள். எழுந்து நின்றே கேட்டிருக்கலாம். இறக்கமாட்டேன். பலகையின் தலையில் அந்த ஒரு வரி மட்டும் பெயின்ட்டில் இருக்கிறது. வந்து படியுங்கள்.

கூலி ஏறினால் விலை ஏறும், விலை ஏறினால் மறுபடி கூலி ஏறும் என்று முதலாளிகளின் முன்வரிசை முணுமுணுக்கிறது. வட்டியைக் காட்டி நாம் விலையை ஏற்றியபோது அந்தப் பொருளாதாரம் எங்கே போயிருந்தது? எந்த கோடவுனில் தூங்கியது?

மூன்று ஆண்டுகளாகத் தனியாகத் தாங்கினேன். மலிவு விலை தேடி என் ஆர்டர்களில் பாதி உங்களிடம் வந்துவிட்டது. நீங்கள் இந்த ஆண்டும் பெயின்ட் டப்பாவைத் திறந்தால் நானும் திறந்தாக வேண்டும். அய்யம்மாள் முகத்துக்கு எதிரே அந்தத் தூரிகையைப் பிடிக்க எனக்குக் கை வராது. பூசைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். நாள் நிற்குமா? விலை நிற்குமா? வயிறுதான் நிற்குமா?

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுமையில்லாமல் கேட்டவர்களுக்கு இன்னும் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் அவர்களே, கைதட்டலை நான் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூலியைத் திருத்தச் சங்கம் சம்மதிக்கிறதா இல்லையா என்பதைப் பூசைக்கு முன் எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.