மூன்று பெட்டிகளுக்கு ஒரே திரை

ஈப்போ வெயிலில் பத்தொன்பது வருடமாக ஸ்வெட்டர் போட்டுத் திரிகிற ஆள் நான் ஒருவன்தான், இன்ஸ்பெக்டர். மருத்துவமனையின் சர்வர் அறை அவ்வளவு குளிர். நோயாளிகளின் பதிவுகளைச் சேமிக்கும் மூன்று ஸ்டோரேஜ் பெட்டிகள் அங்கே இருக்கின்றன. மூன்றும் மூன்று கம்பெனிகளின் தயாரிப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித் திரை, தனிக் கட்டளை, தனி முரண்டு. மூன்றையும் அறிந்தவன் இந்தச் சிவநேசன் மட்டுமே.

என்னுடன் வேலை செய்யும் தர்மா பீடோர்க்காரன், கெட்டிக்காரன். ஜனவரியில் ஒரு பொதுக் கருவியைக் கொண்டுவந்தான். எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும் ஒரே திரையில் தெரியும். நலமென்றால் பச்சை, கோளாறென்றால் சிவப்பு.

"இனிமே யாரு வேணும்னாலும் பாத்துக்கலாம்லா. நீங்க நிம்மதியா லீவு எடுங்கண்ணே," என்றான்.

அன்பாகத்தான் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் பெட்டி அவ்வப்போது இயங்காமல் நின்றுபோகும். அதன் எச்சரிக்கை பொதுக் கருவிக்குப் போகாதபடி நிறுத்திவைத்தேன். ஒருநாள் பெட்டி விழும், கருவியின் மானம் போகும். என் திட்டம் அவ்வளவுதான்.

விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தர்மா பாகான் டத்தோவில் இருந்த எங்கள் கிளினிக்குக்குப் போயிருந்தான். அவன் போன் கிடைக்கவில்லை. அவசரப் பிரிவிலிருந்து தாதி குமுதா அழைத்தாள்.

"அண்ணே, தர்மாவோட அம்மாவ பக்கத்து வீட்டுக்காரங்க கடும் காய்ச்சல்ல மயக்கமா கொண்டாந்திருக்காங்க. பதிவு திறக்க மாட்டேங்குது. எந்த மருந்து ஆகாதுன்னு தெரியணும். டாக்டர் காத்திருக்காரு."

தர்மாவின் அம்மா முத்தம்மாவுக்குப் பெனிசிலின் ஆகாது. தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் சாப்பிட்டபோது தர்மாவே சொன்னான். எனக்கு மறதி கிடையாது.

"தர்மா திரையில எல்லாம் பச்சையாத்தான் இருக்கு குமுதா. கொஞ்சம் பொறுங்க," என்றேன்.

அதில் பொய்யில்லை. போனை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் போதும் என்று தெரியும். ஆனால் சொல்லியிருந்தால் பெட்டி விழுந்ததை யாரும் பெரிதாக எடுத்திருக்கமாட்டார்கள். குமுதா இரண்டு முறை மறுபடி அழைத்தாள். நான் எடுக்கவில்லை. டாக்டரால் அதற்குமேல் காத்திருக்க முடியவில்லை. பெனிசிலின் ஊசி போட்டுவிட்டார்.

முத்தம்மா போய்விட்டார் என்று தகவல் வந்ததும் பெட்டியை எழுப்பினேன்.

முத்தம்மாவைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். நான்கே நிமிடத்தில் அந்தப் பெட்டியை எழுப்ப என்னைவிட்டால் ஆளில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தர்மா அதைப் படிக்கவேண்டும்.