ஏசி அறையில் நாற்பது லீக்ஸ்

— ஒரு இன்ச்சு கதவத் தொறந்து வெச்சுக்கினு பேசாத மணிமாறா. முழுசாத் தொற. பொண்ணு வூட்டுக்காரங்க ஹால்ல வேர்த்துக்கினு உக்காந்திருக்காங்க.

— ஃபேன்தான் ஓடுதேம்மா.

— திண்டிவனத்துல மே மாசம் ஃபேன் போட்டா அனல்தான் சுத்தி வரும். வூட்டுக்கு ஒரே ஏசி. அதையும் செடிக்கு வுட்டுட்டு நானும் உங்கப்பாவும் மொட்ட மாடியில கொசுவுக்குத் துணையாப் படுத்திருக்கோம்.

— செடின்னு பொதுவா சொல்லாதம்மா. லீக்ஸு. ஊட்டிப் பக்கம் வெளையறது. கொஞ்சம் சூடு ஏறினாலும் மனசு ஒடஞ்சிடும்.

— எம் மனசு?

— உனக்குத்தான் பழகிடுச்சே.

— பாக்க வெங்காயத்தாளாட்டம் இருக்குது. அதுக்கு இந்தக் கூத்து.

— அது காதுபட சொல்லாத. தண்டு கட்டவெரல் தடிமனுக்கு வரும். சூப்பு வெச்சா...

— சூப்பு கெடக்கட்டும். உனக்கு முப்பத்தஞ்சு ஆவுது. மயிலத்துலேர்ந்து வந்திருக்கறது எட்டாவது எடம். இதுவும் போச்சுன்னா லீக்ஸுக்குத்தான் தாலி கட்டணும்.

— சரி, கூட்டிக்கினு வா, காட்டறேன். ரெண்டு ரெண்டு பேரா. ஜல்தியா வந்து ஜல்தியா போயிடணும்.

— சரியான பேஜாருடா நீ. இப்ப உள்ள, "தண்ணி போதுமாடா கண்ணு"ன்னு கொஞ்சினியே, அது ஹாலு வரைக்கும் கேட்டுச்சு. உள்ள யாருன்னு பொண்ணோட அப்பா கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— எந்தம்பி, ஒடம்பு சரியில்லன்னு சொன்னேன்.

— உனக்குத் தம்பியே இல்லியேம்மா.

— இப்ப இருக்கான். பாத்துட்டுதான் போவோம்னு எழுந்துட்டாங்க. ஐயோ, பொண்ணே வருது பாரு.

— அத்தை, மாமாவுக்கு ஆப்பிள் எடுத்தாந்திருக்கேன். பாக்கலாங்களா?

— அது வந்தும்மா... அவன் தூங்கறான்...

— பொய் வேணாம்மா. வாங்க கலைப்பிரியா. கதவச் சாத்திடுங்க, அனல் வருது.

— மாமா எங்கங்க?

— மாமா இல்லீங்க. நாப்பது லீக்ஸு. இதான் உண்மை. நீங்க வேணாம்னு சொன்னாலும் தப்பா நெனைக்க மாட்டேன்.

— எட்டாவதும் போச்சு.

— தண்டு பச்சையாவே இருக்குதே. கழுத்து வரைக்கும் மண்ணு அணைச்சாதானே வெளுக்கும்?

— உங்களுக்கு எப்படிங்க தெரியும்?

— அப்பா சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினுதான் கூட்டியாந்தாரு.

— எதம்மா?

— எனக்குச் சம்மதம் அத்தை. ஆனா இன்னொரு ஏசி போட்டுடுங்க. என்கூட முப்பது தொட்டி ப்ராக்கோலி வருது.